32 பாகையில் மெழுகு வெட்டுவது

ஹிஸ்டோலொஜி, அதாவது உடல் திசுவை மெல்லிசாக வெட்டி நுண்காட்டியில் பார்க்கிற துறை. அதன் பாடநூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே திசு புதைந்த மெழுகை வெட்டும் அறை 20, 22 பாகை செல்சியசில் இருக்கும். மட்டக்களப்பில் சித்திரை, வைகாசியில் எங்கள் அறை 32 பாகைக்குக் குறைவது அபூர்வம். காற்றாடியைப் போட்டால் கொஞ்சம் தாங்கலாம்தான். ஆனால் 3 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) தடிப்பில் வெட்டிய செக்சன், அதாவது மெழுகுச் சீவல், அந்தக் காற்றில் எங்கே போய் ஒட்டும் என்று தெரியாது. அதனால் வெட்டும்போது காற்றாடியை நிறுத்திவிடுவோம். ஏசி வேலை செய்தால் பரவாயில்லை. அது பழுதானால் திருத்த ஆள் வரும்வரை வியர்வையோடுதான் வேலை.

நான் கிழக்கில் ஓர் அரச வைத்தியசாலையில் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) ஆக இருக்கிறேன். பல வருடங்களாக ஹிஸ்டோலொஜி பகுதியில்தான் வேலை. அண்மையில் சம்மாந்துறையிலிருந்து ஒரு தங்கச்சி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. புத்தகத்தில் இருக்கிற நேரம், வெப்பநிலை, வீதம் எல்லாம் மனப்பாடம். அந்த எண்கள் எங்கள் அறைக்கு வரும்போது ஏன் சில நேரம் பிசகுகின்றன என்பதைத்தான் அவருக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் தமிழில் யாரும் எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று இந்தப் பக்கத்தில் ஆய்வுகூட வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எடுத்த சதைத்துண்டு போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி எங்களிடம் வரும். அதிலிருந்து தேவையான பகுதியை டொக்டர் வெட்டி, கசெட் என்ற சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பார். இரவோடு இரவாக அல்ககோலில் தண்ணீர் போகும், சைலீன் என்ற கரைப்பானில் அல்ககோல் போகும், கடைசியில் உருகிய மெழுகு உள்ளே ஏறும். காலையில் அதை மெழுகுக்கட்டியாக வார்ப்போம். அதுதான் புளொக். அதை மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் மெல்லிசாக வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சிலைட்டில் எடுத்து, நிறமூட்டி, டொக்டரின் மேசைக்கு அனுப்புவோம். புற்றுநோயா இல்லையா என்று அவர் சொல்வது அந்தச் சிலைட்டைப் பார்த்துத்தான்.

பிரச்சினைகளில் பாதி எங்கள் கதவுக்கு வருவதற்கு முன்பே, போத்தலிலேயே தொடங்கிவிடுகிறது. வாங்கி வருகிற போமலினில் 37 முதல் 40 வீதம் போமல்டிஹைட் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்ததைத்தான் 10 வீதப் போமலின் என்கிறோம். ஆகவே அதில் உண்மையாக உள்ள போமல்டிஹைட் 4 வீதத்துக்குக் கிட்ட. வெறும் தண்ணீரில் கலந்து வைத்தால் நாள் போகப்போக அதில் போமிக் அமிலம் சேரும். அந்த அமிலம் இரத்தத்தோடு சேர்ந்து செக்சனில் மண்ணிறத் துகள்களை உண்டாக்கும். மலேரியாத் துகள்களோடு மாறிப்போகிற அளவுக்கு அவை ஒரே மாதிரி இருக்கும். இதைத் தடுக்க ஒரு லீற்றருக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பொஸ்பேற்றும், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பொஸ்பேற்றும் போட்டால் போதும். பி.எச். 7க்குப் பக்கத்தில் நிற்கும். இதில் புத்தகமும் எங்கள் அறையும் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாத இடம் நேரம். போமலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இறங்கும். உள்ளே போகப்போக இன்னும் மெதுவாகும். ஒரு தோடம்பழ அளவுக் கட்டியை அப்படியே முழுசாகப் போட்டுவிட்டால் வெளிப்பக்கம் நன்றாக இறுகியிருக்கும், நடுப்பகுதி அழுகிக்கொண்டிருக்கும். குளிர்நாட்டில் அந்த நடுப்பகுதி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம்முடைய வெயிலில், அதுவும் அம்பியூலன்சின் பின்பக்கத்தில் இரண்டு மணி நேரம் வந்தால், தாக்குப்பிடிக்காது. அதனால்தான் பெரிய கட்டியைத் தியேட்டரிலேயே ஓரிரு இடங்களில் கீறி, போமலின் உள்ளே போக வழிவிடச் சொல்கிறோம். எந்த இடத்தில் கீறலாம் என்பதை டொக்டர்மார் தமக்குள் பேசி முடிவுசெய்ய வேண்டும். கட்டியை வெட்டியெடுத்த ஓரம் எது என்று தெரியாமல் போய்விடக்கூடாது. மார்பகக் கட்டி என்றால் இன்னும் கவனம். எந்த மருந்து பொருந்தும் என்று காட்டுகிற ஓமோன் ஏற்பிச் சோதனைகள் சரியாக வர, திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்குக் கூடாமலும் போமலினில் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த கட்டி, நீண்ட விடுமுறை முடிந்து புதன்கிழமை எங்களிடம் வந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். பாதிக்கப்படுவது அந்தப் பெண்ணின் மருந்து.

போத்தலின் வாயைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். தூரத்து வாட் ஒன்றிலிருந்து ஒருநாள் ஒரு கர்ப்பப்பை வந்தது, ஒடுங்கிய வாயுள்ள போத்தலில். பச்சையாக இருக்கும்போது அது மெதுமெதுப்பாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போமலினில் இறுகிய பிறகு வெளியே வரவில்லை. கடைசியில் சிற்றூழியர் அண்ணன் வாளால் போத்தலின் தோளைச் சுற்றி அறுத்துத்தான் எடுத்துத் தந்தார். போத்தலின் உட்சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் போமலின் படாமல் சிவந்தபடியே இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் டொக்டர் பார்க்கவேண்டிய இடமும் இருந்தது.

அதன் பிறகு நாங்கள் வாட்டுகளுக்கு நேரே போய்ச் சொல்லத் தொடங்கினோம். தாதியருக்கு மட்டும் சொன்னால் போதாது, போத்தலைத் தூக்கிக்கொண்டு வருகிற சிற்றூழியருக்கும் சொல்லவேண்டும். நாங்கள் சொன்னது நாலே விஷயம். வாய் அகன்ற போத்தல். திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு போமலின். சேலைனில் (உப்புநீரில்) போடக்கூடாது. பெயரை மூடியில் எழுதாமல் போத்தலின் உடம்பில் எழுதவேண்டும். மூடி மாறினால் ஆளும் மாறிவிடும் என்று ஒரு அண்ணனுக்கு விளக்கினேன். அவர் உடனே போய்த் தன் வாட்டில் இருந்த போத்தல்கள் எல்லாவற்றிலும் பிளாஸ்டரை மூடியிலிருந்து உரித்துப் பக்கத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து அவருடைய வாட்டிலிருந்து பெயர்க் குழப்பத்தோடு ஒரு போத்தலும் வந்ததில்லை. இப்படி ஒரு மணி நேரம் வாட்டில் செலவழிப்பது, ஆய்வுகூடத்துக்கு ஒரு புது இயந்திரம் வாங்குவதற்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது கரண்ட். அல்ககோல், சைலீன், மெழுகு என்று இரவில் திசுவை மாற்றுகிற இயந்திரம்தான் புரொசெசர். எங்களிடம் இருப்பது சுற்றுகிற வகை. வட்டமாக ஜாடிகள் இருக்கும். கூடை ஒரு ஜாடியிலிருந்து எழும்பி, அடுத்ததற்கு நகர்ந்து, இறங்கும். கூடை மேலே தொங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளில் கரண்ட் போனால் அது அப்படியே அந்தரத்தில் நிற்கும். இரவில் யாரும் பார்க்காவிட்டால் விடியும்போது அத்தனை பேருடைய பயொப்சியும் (சோதனைக்கு எடுத்த திசுத்துண்டும்) காய்ந்துவிடும். ஊசியால் எடுத்த நூல் மாதிரித் துண்டுகளுக்கு, வயிற்றிலிருந்து எடுத்த அரிசிமணி அளவுத் துண்டுகளுக்கு, இரண்டாவது வாய்ப்பு இல்லை. நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை குத்தவேண்டும்.

2022 பங்குனி கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது ஞாபகம் இருக்கும். ஜெனரேற்றர் இருந்தது, ஆனால் அதன் இணைப்பு முதலில் தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகும். எங்கள் புரொசெசர் அந்த வரிசையில் இல்லை. டீசலுக்கும் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் நாங்கள் இயந்திரத்தை நம்பவில்லை. மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, கூடையைக் கையால் ஒவ்வொரு ஜாடியாக மாற்றினோம். 70 வீத அல்ககோல், 80, 95, பிறகு சுத்த அல்ககோல் மூன்று தடவை, பிறகு சைலீன். இதுவரை கரண்ட் தேவையே இல்லை, மணிக்கூடு ஒன்று போதும். மெழுகுக்கு மட்டும்தான் சூடு வேண்டும். கரண்ட் இருக்கிற நேரத்தோடு அந்தக் கட்டம் பொருந்துகிற மாதிரி முழு வேலையையும் முன்பின்னாக நகர்த்தினோம். இரவு நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு நேரே வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அந்த நாட்களில் ஒரு சின்னப் பயொப்சியையும் நாங்கள் இழக்கவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்றை இப்போதும் விடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது கூடை போமலினில்தான் நிற்கவேண்டும். மீதி ஓட்டம் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குகிற மாதிரி நேரத்தை வைப்போம். இங்கே பின்னேரத்தில் இடி மழையோடு கரண்ட் போவது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் திசு போமலினுக்குள் இருந்தால் ஓர் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இனி வெட்டுவது. இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அழுகிறார்கள். சொல்வது மிகையில்லை, உண்மையாகவே அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

செக்சன்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நாடா மாதிரி வரவேண்டும், அதைத்தான் ரிபன் என்போம். போன கிழமை தங்கச்சி மைக்ரோடோமில் இருந்தபடியே கூப்பிட்டார். "மிஸ், ரிபனே வருதில்ல. சுருங்கிச் சுருங்கிப் போகுது."

"புளொக்க எவ்வளவு நேரம் ஐஸில வெச்ச தங்கச்சி?"

"பத்து நிமிசம் மிஸ். புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். தட்டில் ஐஸ் கட்டிகளைக் குவித்து, அதற்கு மேலே புளொக்கைக் கவிழ்த்து வைத்திருந்தார். கட்டிகளின் மூலை பட்ட இரண்டு மூன்று இடங்கள்தான் குளிர்ந்திருந்தன, மற்ற இடம் அறையின் சூட்டில் இளகிக் கிடந்தது. பிளேட் வந்து மோதும்போது மெழுகு வெட்டுப்படாமல் நசுங்கிப் பாலாடை மாதிரி மடிந்து போயிருந்தது. "இஞ்ச பாருங்க" என்று தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். ஐஸும் தண்ணீரும் சேர்ந்தால் புளொக்கின் முகம் முழுக்க ஒரே அளவில் குளிரும். தண்ணீர் கொஞ்சம் திசுவுக்குள்ளும் இறங்கும், அதனால் காய்ந்து விறைத்த திசு இளகும். நேரத்தையும் கூட்டச் சொன்னேன். பிறகு எடுத்து, துடைத்து, பூட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். முதல் இரண்டு செக்சன் தடிப்பாக வரும், அதை விட்டுவிடவேண்டும். குளிர்ந்த மெழுகு அறைச் சூட்டில் விரிவதால் கருவி காட்டும் அளவைவிடத் தடிப்பாகத்தான் வரும். மூன்றாவதிலிருந்து ரிபன் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு நேராக இறங்கியது. தங்கச்சி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகையும் அறைக்கு ஏற்றபடி தெரியவேண்டும். உருகுநிலை 56 பாகையில் இருக்கிற மெழுகும் உண்டு, 60 பாகையில் இருக்கிற மெழுகும் உண்டு. எங்களுக்கு 58க்கு மேலே உள்ளதுதான் வாய்க்கிறது. கொள்வனவுக்கான கேள்விப்பத்திரம் (டென்டர்) எழுதும்போது இதைக் குறிப்பிடாவிட்டால் எது மலிவோ அது வந்து சேரும், பிறகு வருடம் முழுக்க அதோடு மல்லுக்கட்டவேண்டும்.

மைக்ரோடோமில் கோளாறு வந்தால் நான் தங்கச்சிக்குக் காட்டுகிற ஒழுங்கு இதுதான். முதலில் செலவில்லாத காரணத்தைப் பார். செக்சனில் நெடுக்காக ஒரு கோடு விழுகிறதா? பிளேட்டைப் பக்கவாட்டில் நகர்த்து. கோடும் இடம் மாறினால் பிளேட்டில் பல் விழுந்திருக்கிறது. மாறாமல் அதே இடத்தில் நின்றால் திசுவுக்குள் ஏதோ இருக்கிறது. சுண்ணாம்பாக இருக்கலாம், தையல் நூலாக இருக்கலாம். ஒரு செக்சன் தடிப்பு, அடுத்தது மெல்லிசு என்று மாறி மாறி வருகிறதா? பிளேட்டைத் தொடாதே, எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கு. குறுக்கே அலை அலையாகக் கோடுகள் வருகின்றனவா? புளொக் கூடக் குளிர்ந்திருக்கலாம், சக்கரத்தை வேகமாகச் சுற்றியிருக்கலாம், ஏதாவது தளர்ந்திருக்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பிளேட்டின் சாய்வுக் கோணத்தில் கை வைக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரிவந்தது என்று தெரியாது, நாளைக்கு அதே கோளாறு வரும்போது திரும்பவும் முதலிலிருந்து தேடவேண்டும்.

நடுவில் ஓட்டை விழுகிற புளொக்கை எந்தப் பிளேட்டாலும் சரிசெய்ய முடியாது. அது மெழுகு உள்ளே ஏறாத திசு. மார்பகக் கொழுப்பில் இது அதிகம். மெழுகை உருக்கி, வந்த வழியே சைலீனுக்கும் சுத்த அல்ககோலுக்கும் திருப்பிக்கொண்டுபோய், மறுபடி ஓட்டத்தான் வேண்டும். ஒரு நாள் பிந்தும். பிந்தட்டும். அரைகுறைச் சிலைட்டைக் கொடுத்து டொக்டரை ஊகிக்க வைப்பதைவிட அது மேல்.

பிளேட்டைச் சிக்கனமாகப் பாவிக்கவும் பழகவேண்டியிருக்கிறது. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. பிளேட்டின் நீளத்தை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு முனையால் புளொக்கின் முகத்தைச் சீவி எடுப்பது, நடுவாலும் மறு முனையாலும் நல்ல செக்சன் எடுப்பது. புது பிளேட் போட்டதும் பழையது சீவுகிற வேலைக்குப் போகும். மெழுகுத் தூளைத் துடைக்கும்போது தூரிகை கீழிருந்து மேலே போகவேண்டும், விளிம்புக்குக் குறுக்கே இழுக்கவே கூடாது. புளொக்கை மாற்றும்போது சக்கரத்தைப் பூட்டவேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயரும். அந்த பிளேட் விரலில் பட்டால் எலும்புவரை போகும்.

மிதக்கவிடுகிற தண்ணீரின் சூடு, மெழுகின் உருகுநிலைக்கு 10 பாகையளவு கீழே இருந்தால் நல்லது. எங்கள் வோட்டர் பாத்தின் முகப்பு காட்டுகிற எண்ணை நான் நம்புவதில்லை. தனியாக ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம், இரண்டுக்கும் நான்கு பாகை வித்தியாசம் இருக்கும். சூடு கூடினால் செக்சன் கண் முன்னே விரிந்து உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். குறைந்தால் சுருக்கம் போகாது. கச்சான் காற்று (தென்மேல் காற்று) அடிக்கிற மாதங்களில் பாத்தில் தண்ணீர் விறுவிறுவென்று வற்றும், அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு குறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் திரும்ப அளக்கவேண்டும்.

ஒரு புளொக் முடிந்ததும் அடுத்த புளொக்குக்குப் போகுமுன் பாத்தின் மேற்பரப்பை மெல்லிய கடதாசியால் இழுத்துத் துடைக்கவேண்டும். முன்னைய ஆளின் திசுவில் ஒரு துணுக்கு மிதந்துகொண்டிருந்து அடுத்தவருடைய சிலைட்டில் ஏறினால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய வயிற்றுப் புண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய புற்றுநோய் உயிரணுக்கள். அனுபவமுள்ள டொக்டர் கண்டுபிடித்துவிடுவார், எப்போதும் கண்டுபிடிப்பார் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும் சரி.

நிறமூட்டுவதில் தண்ணீர்தான் எங்கள் தலைவலி. ஹெமடொக்சிலின் என்ற சாயம் மெக்சிக்கோப் பக்கத்து ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து எடுப்பது. உயிரணுவின் கருவில் ஏறும்போது சிவப்புக் கலந்த ஊதாவாக இருக்கும், கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணீர் பட்டால்தான் நீலமாகும். புத்தகத்தில் குழாய்த்தண்ணீரில் கழுவு என்று ஒரு வரியில் இருக்கும். எந்த ஊர்க் குழாய்? ஒரு வைத்தியசாலையில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்து வரும், இன்னொன்றில் கிணறு, மற்றொன்றில் பவுசர். குளோரின் கூடின நாளில் நிறம் வெளிறுகிறது. அதனால் குழாயை நம்பாமல் ஒரு லீற்றர் தண்ணீரில் 20 கிராம் மக்னீசியம் சல்பேற்றும் 3.5 கிராம் சோடியம் பைகாபனேற்றும் போட்டு வைத்துக்கொள்கிறோம். எந்த நாளும் ஒரே நீலம்.

ஹெமடொக்சிலின் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு. காலையில் வடித்த பிறகு இரண்டு சொட்டை ஒரு கிளாஸ் குழாய்த்தண்ணீரில் விடுங்கள். உடனே நீல ஊதாவாக மாறினால் வேலைக்கு ஆகும். மண்ணிறமாகவோ சிவப்பாகவோ கிடந்தால் மாற்றிவிடவேண்டும். திகதி முடியவில்லையே என்று போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வெக்கையில் அது சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

கார்த்திகை, மார்கழியில் பிரச்சினை வேறு. வாடைக்காற்று மழையில் காற்றே ஈரம். சுத்த அல்ககோல் திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த ஈரத்தை இழுக்கும். அல்ககோலில் தண்ணீர் ஏறினால் அடுத்த சைலீன் பால் நிறமாகும், சிலைட்டும் மங்கலாகும். வெளியே தெரியாமல் அல்ககோலுக்குள் இருக்கிற தண்ணீரைக் காட்டிக்கொடுக்க நீரற்ற கொப்பர் சல்பேற் இருக்கிறது. அது வெள்ளைத் தூள். கடைசி ஜாடியின் அடியில் கொஞ்சம் போட்டு, மேலே வடிகடதாசி வைத்து மூடிவிடுவோம். தண்ணீர் பட்டதும் நீலமாகும். அது நீலமானால் அன்றைக்கே அல்ககோலை மாற்றவேண்டும். மழைமாதத்தில் அந்தத் தூள் எவ்வளவு சீக்கிரம் நீலமாகிறது என்பதைத் தங்கச்சி முதன்முதலில் பார்த்தபோது, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறோம். எந்த மெழுகு, அறை எத்தனை பாகை, ஐஸில் எவ்வளவு நேரம், பாத் உண்மையில் எத்தனை, அல்ககோல் எப்போது மாற்றியது. பயிற்சிக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இது எங்கள் அறையைப் பற்றியது. மைக்ரோடோம் பழக, நோயாளியின் புளொக்கை யாருக்கும் முதலில் கொடுப்பதில்லை. சந்தையில் ஆட்டு ஈரல், சிறுநீரகம், கோழி இரைப்பை வாங்கி, போமலினில் போட்டு, முழு ஓட்டமும் ஓட்டிப் புளொக் செய்து வைத்திருக்கிறோம். ஈரல் இலகு, இரைப்பையின் தசை கடினம், தோல் அதைவிடக் கடினம். தோலை வார்க்கும்போது நெட்டாக நிறுத்தவேண்டும். படுத்துவிட்டால் மேல்தோல் மட்டும் வரும், உள்ளே இருப்பது தெரியாது. போமலினைக் கையுறையில்லாமல் தொடுகிறவர்களுக்கு 1893இல் பேர்டினான்ட் புளும் என்ற ஜெர்மானிய வைத்தியரின் கதையைச் சொல்வேன். அவர் போமல்டிஹைட் கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல்நுனித் தோல் இறுகிப் போனதைக் கண்டார். திசுவைப் பதப்படுத்தப் போமலின் வந்தது அப்படித்தான். அதே பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பிற்காலத்தில் உறுதியானது. ஆகவே கையுறை போடுங்கள், புகைபோக்கியைப் போடுங்கள்.

கடைசியாகத் தொழுநோய்ச் சோதனை. வாவியில் மாந்தீவு வைத்தியசாலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த நோய் பழங்கதை என்ற எண்ணம் இருக்கிறது. தோல் பயொப்சிகள் எங்களுக்கு இன்றும் வருகின்றன, நோயும் இன்றும் இருக்கிறது, மருந்தால் முழுக்கச் சுகமாகிறது. 1873இல் நோர்வேயில் ஹன்சன் கண்ட அந்தக் கிருமியின் மெழுகுப் போர்வை மெல்லியது. காசநோய்க் கிருமிக்குச் செய்கிற மாதிரிச் சைலீன், அல்ககோல் என்று கழுவினால் அந்தப் போர்வை கரைந்து, கிருமி இருந்தும் அது ஏற்கவேண்டிய சிவப்புச் சாயம் சிலைட்டில் தெரியாது. அதனால் மெழுகை நீக்கும்போது சைலீனோடு கச்சான் எண்ணெய் கலக்கவேண்டும். நாம் கொறிக்கிற கச்சானின் (நிலக்கடலையின்) எண்ணெய்தான். அது போர்வையைக் காப்பாற்றும். அதன் பிறகு அல்ககோல் பக்கமே போகாமல், ஒற்றியெடுத்துத் தண்ணீரில் கழுவி, காபோல் பியூக்சின் என்ற சிவப்புச் சாயம், ஐதான சல்பூரிக் அமிலம், மெதிலீன் நீலம் என்று போகவேண்டும். பைட் முறை என்பார்கள்.

இதற்கு ஒவ்வொரு தடவையும் கிருமி நிச்சயமாக உள்ள ஒரு கொன்ட்ரோல் சிலைட்டைக் கூடவே ஓட்டவேண்டும். அதில் சிவப்பு வராவிட்டால் நோயாளியின் சிலைட்டில் வராததற்கு அர்த்தமே இல்லை. எங்களிடம் உள்ள கொன்ட்ரோல் புளொக் தேய்ந்துகொண்டு வருகிறது. கிழக்கில் வேறு ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள், உங்களிடம் நல்ல புளொக் இருந்து, உங்கள் பொறுப்பதிகாரி சம்மதித்தால், வெட்டிய செக்சன் சில தந்துதவுங்கள். பதிலுக்கு எங்கள் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். உங்கள் அறை எத்தனை பாகை என்பதையும் எழுதுங்கள்.